முதுகுப்பையோடு முதல் பெருநகரம்: கோலாலம்பூரில் தொடங்குங்கள்

என் அக்கா கல்யாணமாகிக் கும்பகோணம் போனவர். அவர் மகன் சென்ற ஆண்டு படிப்பை முடித்த கையோடு எனக்குப் போன் செய்தான். "மாமா, கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், சைகோன். ஆறு வாரம். உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன். ஆனா ஹாஸ்டல்லதான் தங்குவேன்."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோலாலம்பூரின் செந்தூலில் ரயில்வே குடியிருப்பு ஓரமாக வளர்ந்த நான் அவன் வயதில் பாங்காக்குக்கும் வியட்நாமின் சைகோனுக்கும் தனியாகப் போனேன். எனக்கு முன்னால் போய்வந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை வெளிநாடு கிளம்புகிற எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கோலாலம்பூரில் தொடங்குங்கள். ரயில், சாலை, பணம், சட்டம் எல்லாமே புதிதாக இருக்கும். ஆனால் பசித்தாலும் வழி தவறினாலும் தமிழில் கேட்க ஓர் ஆள் கிடைப்பார். அந்தத் துணை பக்கத்தில் இருக்கும்போதே பெருநகரத்தில் நடமாடும் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். தமிழே காதில் விழாத ஊருக்குப் போகும்போது அது உதவும்.

முதல் படி: பையும் காகிதமும்

மலிவு விமானங்களில் கைச்சுமைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. அதையே உங்கள் முழுப் பயணத்துக்குமான எடையாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை போதும். கால்சட்டையில் ஒன்றாவது கணுக்கால் வரை இருக்கட்டும், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வேண்டும். ரப்பர் செருப்பு, மடக்குக் குடை, சின்னப் பூட்டு. அப்புறம் மலேசிய மின்துளைக்குப் பொருந்தும் பிளக். இங்கே மூன்று தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் வகைதான். ஊரில் பயன்படுத்தும் உருண்டைக் கால் பிளக் நேரடியாக நுழையாது.

ஒரு கைலி கட்டாயம். என் மருமகன் முதலில் "எதுக்கு மாமா" என்றான். மலேசிய இரவுப் பேருந்தில் குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும், அங்கே அது போர்வை. ஹாஸ்டலில் கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்கட்டில் விளிம்பில் செருகித் தொங்கவிடலாம், திரை. குளித்துவிட்டு வந்தால் துண்டு. ஊர் திரும்பியதும் அவன் அனுப்பிய முதல் படத்தில் அந்தக் கைலிதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் வர 2023 டிசம்பர் முதல் மலேசியா அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா இல்லை என்றாலும் மின்னணு வருகை அட்டை உண்டு. வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், முதல் இரவு தங்கும் முகவரி இரண்டையும் தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது பார்த்துத்தான் போனில் சார்ஜ் இறங்கும்.

இரண்டாம் படி: விடியும் வரை பொறுங்கள்

சென்னை, திருச்சியிலிருந்து இங்கே வர ஏறத்தாழ நான்கு மணி நேரம். நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் வந்து சேர்பவர்கள் நிறைய. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டித்தான். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்கள், அதனால் ஆறரை மணிக்கும் கும்மிருட்டாக இருக்கும். ஊர்க் கணக்கில் "விடிஞ்சிருக்கும்" என்று நினைத்து ஐந்தரை மணிக்கு நகரத்துக்குள் இறங்கினால் பூட்டிய கடைகளும் காலியான தெருவும்தான் எதிர்ப்படும். விமான நிலையத்திலேயே முகம் கழுவி, ஒரு கோப்பி குடித்து, ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

விமான நிலையம் சிப்பாங்கில் இருக்கிறது, நகரத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். முதல் முனையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிடத்தில் நகரத்தின் தலைமை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் விட்டுவிடும், கட்டணம் 55 ரிங்கிட். பேருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. நான் பேருந்தைத்தான் சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம். வழியெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டும் வரலாம். இந்த நாட்டில் நம் ஆட்கள் எந்த மண்ணில் வேலை செய்தார்கள் என்பதை அந்த ஜன்னல் காட்டும்.

பணம் பற்றி. விமான நிலையத்தில் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். நகரத்துக்குள் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இந்திய ரூபாயை வாங்கும் பணமாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விலைப்பலகையை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றலாம். இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், சென் என்ற சில்லறையைக் காசு என்பார்கள். "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றால் 2 ரிங்கிட் 50 சென். முதலில் குழம்பும், ஒரு நாளில் பழகிவிடும். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள், அட்டையையும் அப்படியே.

மூன்றாம் படி: தங்கும் இடம்

பெட்டாலிங் தெரு சுற்றுவட்டாரம், புக்கிட் பிந்தாங், பிரிக்பீல்ட்ஸ். முதுகுப்பைக்காரர்களுக்கு இந்த மூன்றில் ஒன்று சரிவரும். இரவில் ஆட்டம் பாட்டம் வேண்டும் என்பவர் புக்கிட் பிந்தாங் போகலாம். பழைய ஊரை நடந்து பார்க்க ஆசை என்றால் பெட்டாலிங் தெரு. முதல்முறை வருபவருக்கு நான் பிரிக்பீல்ட்ஸைத்தான் சொல்வேன், காரணம் கேஎல் சென்ட்ரல். விமான நிலைய ரயில், பேருந்து, இலகு ரயில், கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில், வடக்கே போகும் தொலைதூர ரயில் எல்லாம் அங்கே கூடுகின்றன. மோனோரயில் பக்கத்துப் பேரங்காடியை ஒட்டி நிற்கிறது. எங்கே தொலைந்தாலும் "கேஎல் சென்ட்ரல்" என்று கேட்டால் திரும்பி வந்துவிடலாம்.

ஹாஸ்டல் பிடிக்கும்போது நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள்: ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கிறதா, அறைக்கு ஜன்னல் உண்டா, பூட்டு மாட்டக்கூடிய லாக்கர் உண்டா. ஜன்னல் இல்லாத கூட்டறை இங்கே சகஜம். இரண்டு இரவு தாங்கும். மூன்றாம் இரவு ஈரத்துணி வாடையில் தூக்கம் போய்விடும். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் காட்டிய விலையில் அது சேர்ந்திருக்காமல் போகலாம், கவுண்டரில் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல. சாவிக்கு முன்பணம் வாங்கினால் ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முதல் நாள் ஒரு கிலோமீட்டர்

என் மருமகன் வந்த அன்று காலை போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். பதினான்கு இடம். இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் ஒரே நாளில். "இதைப் பைக்குள்ளே வை. இன்னைக்கு நீ எந்த இடமும் பாக்கப் போறதில்லை" என்றேன். முகம் வாடிவிட்டது.

பெருநகரத்துக்கு வந்த முதல் நாள் உடம்பு தூக்கமில்லாமல் கிடக்கும். கண் எல்லாவற்றையும் பார்க்கும், மனசில் ஒன்றும் நிற்காது. அந்த நிலையில் எடுக்கும் முடிவுகள்தான் பணத்தைத் தின்னும். பாங்காக்கில் என் முதல் இரவு அப்படித்தான் போயிற்று. பதினெட்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஏறிய வாடகை வண்டிக்காரர், "நீங்க சொல்ற ஹாஸ்டல் மூடிட்டாங்க, வேற நல்ல இடம் இருக்கு" என்றார். நம்பினேன். மூன்று மடங்கு வாடகை கொடுத்து ஓர் அறையில் படுத்தேன். காலையில் நடந்துபோய்ப் பார்த்தால் என் ஹாஸ்டல் இரண்டு தெரு தள்ளித் திறந்தே இருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: வண்டியில் ஏறும் முன் தங்குமிடத்துக்கு நானே போன் செய்து பேசிவிடுவேன். "மூடிட்டாங்க" என்று யார் சொன்னாலும் "பரவாயில்லை, அந்த வாசலிலேயே இறக்கிவிடுங்க" என்பேன்.

சரி, முதல் நாள் என்னதான் செய்வது? தங்கும் இடத்தை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டருக்குள் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே, மருந்துக்கடை எங்கே, இரவு எத்தனை மணி வரை தெருவில் விளக்கு எரிகிறது, எந்தச் சாலையைக் கடப்பது சிரமம். ஒரு சுற்று போனைப் பார்த்து நடங்கள். அடுத்த சுற்றில் போன் பையில் இருக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சுற்று இப்படிப் போகும். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பேரங்காடி வழியாக வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வி.தி. சம்பந்தன் பெயரைத் தாங்கிய சாலை. லிட்டில் இந்தியா என்று 2010-இல் அலங்கார வளைவெல்லாம் கட்டித் திறந்தார்கள். பூக்கடையில் மல்லிகை தொடுக்கும் அக்காமார், ஒலிபெருக்கியில் பாட்டு, முறுக்கு பொரியும் வாசனை. செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். பின்னால் ரயில்வே தொழிலாளர்களின் ஊராக வளர்ந்தது.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஓடுகள் பதித்திருப்பார்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கே நெடுங்காலமாக இருப்பதால் பார்வையில்லாதவர்கள் பலர் இந்த வட்டாரத்தில் வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். கைத்தடியால் அந்த ஓட்டைத் தடவிக்கொண்டுதான் வருவார்கள். படம் எடுக்கும் மும்முரத்தில் உங்கள் பையை அந்த மஞ்சள் கோட்டின்மேல் வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு பயணியின் பெட்டியில் ஒரு பெரியவர் மோதித் தடுமாறியதைப் பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் தெருவில் யார் யார் நடக்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள்.

மாலையில் என் மருமகனைத் தனியாக விட்டேன். போனைப் பார்க்காமல் ஹாஸ்டலிலிருந்து கேஎல் சென்ட்ரல் போய், வேறு வழியாகத் திரும்ப வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்து நின்றபோது அவன் நடையே மாறியிருந்தது.

ஐந்தாம் படி: சாப்பாட்டுக் கடையில் பேசுவது

மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை. பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். முதுகுப்பைக்காரருக்கு அது சாப்பாட்டுக்கூடம், ஓய்விடம், விசாரணை அலுவலகம் எல்லாம். தூக்கம் வராத இரவில் ஒரு தே தாரிக்கோடு (உயரத் தூக்கி ஆற்றிய பால் தேநீர்) உட்கார்ந்தால் எழுந்து போ என்று சொல்ல மாட்டார்கள். கடைகளில் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

"அண்ணே, ஒரு தே தாரிக். சீனி குறைச்சு."

"தே தாரிக் கூராங் மானிஸ் ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். "ஊர்ல எங்க தம்பி?"

"கும்பகோணம்ண்ணே."

"நான் ராம்நாடு. ரொட்டி சாப்பிடு, சூடா இருக்கு."

அந்த ஒரு பேச்சில் என் மருமகனுக்கு மூன்று விஷயம் கிடைத்தது: எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்தக் கடையில் சிம் மலிவு, எந்தச் சந்துக்குள் இரவில் போகக்கூடாது. அடுத்த நாளும் அதே கடைக்குப் போகச் சொன்னேன். புது ஊரில் ஒரே கடைக்கு இரண்டாம் முறை போனால் அவர்கள் நம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள். மூன்றாம் நாள் நாம் வராவிட்டால் "எங்க காணோம்" என்று கேட்பார்கள். தனியாகப் பயணம் செய்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். கூராங் மானிஸ் என்றால் இனிப்புக் குறைவு. தே ஓ என்றால் பாலில்லாத தேநீர். ஐஸ் வேண்டுமானால் கடைசியில் ஐஸ் என்று சேர்க்க வேண்டும். புங்குஸ் என்றால் பொட்டலம். பெராப்பா என்றால் எவ்வளவு. மலாயில் நன்றிக்குத் தெரிமா காசே. ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), வாழையிலைச் சாப்பாடு இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் செலவு கையைக் கடிக்காது. ஒரு எச்சரிக்கை: கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மீன் தலை, பெரிய இறால், கணவாய் இவற்றைத் தட்டில் போடும் முன் விலை கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் சாப்பிட்டுவிட்டு, துண்டுச்சீட்டில் எழுதிய தொகையைப் பார்த்து வாதாடுவதுதான் இருவருக்கும் சங்கடம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். ஹாஸ்டலில் வடிகட்டிய தண்ணீர் இருந்தால் புட்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ரயிலும் நடையும்

டச் அன் கோ அட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். இலகு ரயில், எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயில், மோனோரயில், கொம்யூட்டர், பேருந்து எல்லாவற்றுக்கும் அது செல்லும். அட்டை இல்லாமல் இலகு ரயிலில் போனால் இயந்திரம் நீல பிளாஸ்டிக் வில்லை ஒன்று தரும். நுழையும்போது தொட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட வேண்டும். அது சின்னது, சட்டைப்பையில் நழுவிவிடும். வரைபடத்தில் மஸ்ஜித் ஜாமெக், பாசார் செனி, கேஎல் சென்ட்ரல் மூன்றையும் மனசில் நிறுத்திக்கொண்டால் போதும், மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும். கொம்யூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் அவசரத்தில் அதில் ஏறிவிட வேண்டாம்.

நடக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். பையைச் சாலையின் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கமாக மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப்போவது இந்த நகரத்தில் நடக்கிறது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை ஓரம் நிற்காமல் ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கி வழி பாருங்கள். அவசரத்துக்கு 999. பல இடங்களில் நடைபாதை திடீரென்று முடிந்துபோகும், மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். புக்கிட் பிந்தாங்கிலிருந்து இரட்டைக் கோபுரம் பக்கம் போக குளிரூட்டிய நடைமேம்பாலம் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் அதுதான் வழி.

மழை. பிற்பகலில் இடியோடு கொட்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். அதனால் வெளியில் ஏறி இறங்கும் வேலையைக் காலையில் முடித்துவிட்டு, மூன்று மணிக்குமேல் கூரைக்குக் கீழே இருக்கும்படி நாளைப் பிரியுங்கள்.

இரண்டாம் நாள் காலை பத்துமலை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டரில் ஏறினால் அரை மணி சுமாருக்குக் கோயில் வாசலிலேயே இறங்கலாம். ரயில் எங்கள் செந்தூல் வழியாகத்தான் போகும். வண்டிகள் இடைவெளி விட்டு வரும் என்பதால் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். கே. தம்புசாமிப் பிள்ளை 1891-இல் வழிபாட்டைத் தொடங்கிவைத்த குகை. 272 படி. கீழே நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர், 2006-இல் திறந்தது. எட்டு மணிக்குப் போனால் படி உங்களுக்குத்தான், பத்துக்குமேல் கூட்டத்துக்கு. கையில் தின்பண்டப் பொட்டலம் வைத்திருந்தால் குரங்கு பறித்துவிடும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே போதும், வந்துவிடும்.

இறங்கி, நகரத்துக்குத் திரும்பி, ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1873-இல் தோன்றியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். அங்கிருந்து பெட்டாலிங் தெரு, சென்ட்ரல் மார்க்கெட், இரண்டு ஆறும் சேரும் இடத்தில் 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக், அப்படியே மஸ்ஜித் இந்தியா. எல்லாம் நடை தூரம். கோலாலம்பூர் என்ற பெயரே அந்த ஆற்றுச் சங்கமத்தின் சேற்றிலிருந்து வந்ததுதான். மாலையில் இரட்டைக் கோபுரம். 452 மீட்டர் உயரத்தை மேலே ஏறிப் பார்ப்பதைவிடக் கீழே பூங்காவில் புல்லில் படுத்துப் பார்ப்பது அழகு, காசும் இல்லை.

ஏழாம் படி: மூன்றாம் நாள்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் தனியாகப் போகிற பெரும்பாலோருக்கு வருகிறது. முதல் இரண்டு நாள் கால் தரையில் படாது. மூன்றாம் நாள் காலை கண்விழிக்கும்போது கூட்டறையில் எல்லோரும் எங்கோ போயிருப்பார்கள். வெளியே நகரம் இரைந்துகொண்டிருக்கும். நமக்கு எங்கும் போகத் தோன்றாது. எதற்கு வந்தோம் என்று இருக்கும்.

சைகோனில் எனக்கு அது வந்தது. பகலில் மூன்று மணி நேரம் கட்டிலில் கிடந்தேன். பிறகு பென் தான் சந்தைப் பக்கம் நடந்தபோது ட்ருவோங் தின் தெருவில் கோபுரம் ஒன்று தெரிந்தது. மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டியது. உள்ளே என்னைத் தவிர எல்லோரும் வியட்நாமியர். ஒரு பாட்டி கருவறையின் பின்சுவருக்குப் போய், இரண்டு கையையும் கல்லில் பதித்து, நெற்றியைச் சுவரோடு ஒட்டி, மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநேரம். அந்த இடத்தில் கல் வழவழவென்று இருந்தது. அம்மனுக்குக் காதில் சொல்வதுபோல அங்கே போய்ச் சொல்வது அவர்கள் வழக்கமாம். அவர் போன பிறகு நானும் போய் அந்தக் கல்லில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அதனால் மூன்றாம் நாளைக் காலியாக விடுங்கள். துணி துவையுங்கள், முடி வெட்டிக்கொள்ளுங்கள், பகலில் தூங்குங்கள். வீட்டுக்குக் குறுஞ்செய்தி போதாது, குரலில் பேசுங்கள். நம் முன்னோர் போன பெருநகரங்களில் பெரும்பாலும் ஒரு மாரியம்மன் கோயில் கட்டிவைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை, பாங்காக்கில் சீலோம், பினாங்கில் குயின் தெரு. அந்த முகவரியை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகாதவர் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையைக் குறிக்கலாம். சோர்ந்த நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

என் மருமகன் மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இரண்டு முறை ரசம் கேட்டான். அவ்வளவுதான் பேசினான்.

எட்டாம் படி: பினாங்கு

கோலாலம்பூரில் ரயில் பழகியாயிற்று என்றால், பினாங்கில் நடை பழகலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கும். வார இறுதிக்கும் பண்டிகைக்கும் டிக்கெட் முன்பே தீர்ந்துவிடும். பட்டர்வொர்த்தில் இறங்கி மேம்பால நடைவழியில் படகுத்துறைக்கு நடக்கலாம். 13.5 கிலோமீட்டர் பாலம் 1985-லிருந்தே இருக்கிறது. இருந்தாலும் முதல்முறை படகில்தான் போக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடக் கடல், எதிரே பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுன் மெல்லப் பெரிதாகும்.

தங்குவதற்கு லெபோ சூலியா, அதை ஒட்டிய லவ் லேன். முதுகுப்பைக்காரர்களின் பழைய தெருக்கள். சூலியா என்பது இங்கே வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801 காலத்தது. 1833-இலிருந்து நிற்கும் மகா மாரியம்மன் கோயில் ஐந்து நிமிட நடை. பள்ளிவாசல் இருக்கும் சாலை வழியே போனால் சீனரின் குவான் யின் கோயிலும் 1818-இல் கட்டிய தேவாலயமும். ஜோர்ஜ்டவுனை 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. காலை ஏழரைக்கு, கடைகள் திறக்கும் முன், ஐந்தடி எனப்படும் அந்தத் தாழ்வாரங்களில் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் பதித்த பூ ஓடுகள், ஊதுவத்தி செருகிய சின்ன மாடம், பக்கத்துக் கடையில் மசாலா மூட்டை அவிழ்க்கும் நெடி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

நாசி கண்டார் இங்கே சாப்பிட வேண்டும். தோளில் தடி போட்டு இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு. பல குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்ற வேண்டும் என்றால் பஞ்சிர் என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று பொருள். பினாங்கு மலைக்கு 1923-இலிருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். பேருந்தில் ஏறும்போது சரியான சில்லறை வைத்திருங்கள், மீதி கிடைக்காது.

ஒன்பதாம் படி: தமிழ் கேட்காத ஊருக்கு

பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எல்லையோர ஊரான படாங் பெசார். மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிநுழைவும் அந்த ஒரே ரயில் நிலையத்துக்குள் இருக்கின்றன. பிற்பகலில் அங்கிருந்து பாங்காக்குக்குத் தாய்லாந்து ரயில் கிளம்பும். இருக்கையை மாலையில் ஊழியர் வந்து படுக்கையாக விரித்துத் தருவார், மறுநாள் பாங்காக்கில் இறங்கலாம். 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் பதிலாகக் குருங் தெப் அபிவட் என்ற புது நிலையத்துக்கு வருகின்றன. பழைய குறிப்பைப் பார்த்து ஹுவா லம்போங் பக்கம் அறை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் அங்கே போக இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை உண்டு, அதுவும் இலவசம். விசா விதியைக் கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

பாங்காக்கிலும் சைகோனிலும் செய்ய வேண்டியது கோலாலம்பூரில் செய்ததுதான். பகலில் போய்ச் சேருங்கள். தங்குமிடத்துக்குப் போன் செய்துவிட்டு வண்டி ஏறுங்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றுங்கள், ஒரு சாப்பாட்டுக் கடையைப் பிடித்து மறுநாளும் போங்கள். மொழி இல்லையே என்று தயங்க வேண்டாம். தட்டைக் காட்டி, விரலைக் காட்டி, சிரித்தால் வேலை நடக்கும். இரண்டாம் நாள் அந்தக் கடையம்மா தானாகவே தட்டைக் கொண்டுவந்து வைப்பார். சைகோனில் சாலை கடப்பது மட்டும் வேறு வித்தை. மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்கவே நிற்காது. ஓடக்கூடாது, பின்வாங்கக்கூடாது. ஒரே வேகத்தில் மெல்ல நடந்தால் அவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். முதல்முறை உள்ளூர்ப் பாட்டி ஒருவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

படாங் பெசாரில் ரயில் ஏறும் முன் மீதமுள்ள வெள்ளியில் தண்ணீரும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சத்தைத் தாய்லாந்துப் பணமாக மாற்றுங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரமா மலேசிய நேரமா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.